பிணம் கேட்ட வசனம்

அம்மாவின் பேர் காதில் விழுந்தபோது இசக்கிராஜ் செத்துக் கிடந்தான். செத்துக் கிடப்பதுதான் அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த வேலை. ஆவல்குறிச்சி ஜமீன் அரண்மனையின் நடுக்கூடத்தில், தேக்குக் கட்டிலில், நெற்றியில் காசு, மூக்கோரம் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியில் வாய்க்கட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, மேலுதட்டில் அரித்துக்கொண்டே இருக்கிற ஒட்டுமீசை. ராஜா. டிவி சீரியல் ராஜா. உயிரோடு இருக்கிற ராஜாவாக நடித்த ஹீரோ நேற்றே சென்னைக்குக் கிளம்பிவிட்டார், பிணமாகக் கிடப்பதற்கெல்லாம் அவர் வரமாட்டாராம், அதே மூக்கும் அதே உயரமுமாக உள்ளூரில் ஒருத்தன் இருக்கிறான் என்று இவனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறக்காதே, மூச்சு வயிற்றில் தெரியக் கூடாது, என்ன ஆனாலும் எழுந்திருக்காதே. பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் சொன்ன எதையும் கேட்காமல் வெளியே வந்தவன், இங்கே சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தான். ராணியாக நடிக்கிற சுவர்ணா மேடம் அவன் காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். நிஜக் கண்ணீரா கிளிசரினா தெரியவில்லை, கணுக்காலில் சூடாக விழுந்தது. அழுது முடித்து எழுந்து, வளையல் குலுங்கக் கையை நீட்டி, அடித்தொண்டையிலிருந்து கத்தினார். "அடி பாதகி! வெயிலுகந்தாள்! அன்னமிட்ட கையாலேயே என் மன்னருக்கு நஞ்சிட்டாயே!" அடுக்களை வாசல் பக்கமிருந்து அம்மாவின் குரல், மெஸ்ஸில் யார் கூப்பிட்டாலும் வருகிற அதே குரல், சாவகாசமாகக் கேட்டது: "என்ன தாயி?" டைரக்டர் 'கட்' என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் அம்மாவின் சிரிப்பும் இருந்தது. அது தனியாகத் தெரியும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள், பாதிச் சிரிப்பு துணிக்குள்ளேயே போய்விடும். சிரிக்கிறாள் என்றால் பேரை மட்டும்தான் கேட்டிருக்கிறாள், மீதியைக் கேட்கவில்லை. இல்லை, கேட்டிருப்பாள், புரிந்திருக்காது, நஞ்சிட்டாயே என்றால் எவனுக்குப் புரியும், ஊரில் யார் நஞ்சு என்கிறான், விஷம் என்றால்தானே விஷம். அவனுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுந்தது. நஞ்சு. இட்டாய். இட்டவள் பேர் வெயிலுகந்தாள். உள்ளங்கை இரண்டும் சில்லென்று ஆகிவிட்டது, பிணத்துக்கு அது பொருத்தம்தான், மேக்கப்காரருக்கு ஒரு வேலை மிச்சம். வேறு யாராவது வெயிலுகந்தாள் இருக்கலாமோ? எங்கே இருக்கிறாள்? ஆவல்குறிச்சியில் அந்தப் பேரில் வேறு ஆளே கிடையாது. அது அவர்கள் வீட்டுப் பேர், தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்து அம்மாவிடம் நிற்கிறது. முதல் வெயிலுகந்தாள், அம்மாவுக்குப் பூட்டி, இதே அரண்மனை அடுக்களையில் ராஜாவுக்குச் சமைத்தவள். இப்போதைய வெயிலுகந்தாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் நடத்துகிறாள், போர்டில் 'வெயிலு மெஸ்', ஊருக்கு வெயிலக்கா. இன்றைக்கு மத்தியானம் மெஸ்ஸைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். உங்க பூட்டி வேஷம், நீங்களே நின்னா எவ்வளவு பொருத்தமா இருக்கும், வசனம் கிடையாது, சோத்து உருளிப் பக்கத்துல தலை குனிஞ்சு நிக்கணும் அவ்வளவுதான், என்று அசிஸ்டென்ட் டைரக்டர் மதியழகன் வந்து கூப்பிட்டார். அம்மா காலையில் மூன்று சேலையை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்துல பவுடர் ஏதும்மா என்று துடைத்துவிட்டார்கள், அதற்கும் சிரித்தாள். அவளை ஏன் கூப்பிட்டார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இவனிடமும் சொல்லவில்லை. ஒத்திகையில் சுவர்ணா மேடம் அந்த இடம் வந்ததும் "இங்க டயலாக், இங்க டயலாக்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பேரைக் கொடுத்தது யார்? அதை நினைக்கக் கூடாது என்று வேறெதையோ நினைத்தான். மீசை அரிப்பதை, மூக்கில் பஞ்சு குத்துவதை, நெஞ்சின் மேல் பூ வாடுகிற வாசனையை. எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நின்றது. அவன்தான் கொடுத்தான். கேட்டு வாங்கிக்கொண்டது மதியண்ணன். மதியண்ணனுக்கு ஒரு பைத்தியம் உண்டு, அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் கேமராவில் விழக் கூடாது. கூடத்து மூலையில் நீலப் பிளாஸ்டிக் குடம் ஒன்று கிடந்ததற்கு ஒரு பையனை அந்தக் கத்து கத்தினார். இவன் கையில் வாட்ச் கட்டிய தடத்துக்கு மை, புஜத்தில் தடுப்பூசித் தழும்புக்கு மை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை வைத்தார்கள், ஓடி வந்து எடுத்துவிட்டு எங்கேயோ தேடிப் பழைய செப்புக் காசு ஒன்றை வைத்தார். மீசையை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள், இந்தப் பக்கத்து ஜமீன்காரர்கள் நுனியை மேலே முறுக்க மாட்டார்களாம். உருளியில் சோறு நிஜச் சோறாக இருக்கணும், ஆவி வரணும் என்று அம்மாவையே கொண்டு பொங்க வைத்தார்கள். உருளிகூட வாடகை உருளி இல்லை, வாசல்மாடன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்கு எடுக்கிற அதே உருளி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கியது. அப்படிப்பட்ட ஆள் ஒரு நாள் மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "தம்பி, இந்த அரண்மனையில யார் சமைச்சாங்கன்னு ஏதாவது தெரியுமா? எனக்கு ஒரிஜினல் பேர் கிடைச்சா நல்லாருக்கும்" என்று கேட்டார். இவனுக்கு ஒரே பெருமை. வரலாறு என்று ஒருத்தன் அவனிடம் வந்து கேட்பது அதுதான் முதல் தடவை. வரலாற்று வாத்தியார் இவனிடம் வருஷத்தை மட்டும்தான் கேட்பார். "சார், ராஜா என்ன சாப்பிட்டாருன்னு இதுல இல்லையா?" என்று கேட்டதற்கு வெளியே நிற்க வைத்தார். மதியண்ணன் நிற்க வைக்கவில்லை, குறித்துக்கொண்டார், வெ-யி-லு-க-ந்-தா-ள், "அடடா, என்ன பேருடா" என்றார். சரி, அது ஒரு நாள். இன்னொரு நாள் வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் டீ குடிக்கிறார்கள். கடைசி ராஜா எப்படிச் செத்தார் என்று பேச்சு வந்தது. பேதியில என்று இவன் சொன்னான். எல்லாரும் அப்படிச் சிரித்தார்கள். "பேதியில போன ராஜாவை எவன்டா ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பான்? ராணி எங்க நின்னு அழுவா? கக்கூஸ் வாசல்லயா?" என்றார் மதியண்ணன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார்? இவன். சிரித்துக்கொண்டே, ரசத்தில் கொஞ்சம் உப்புப் போடுங்க என்கிற மாதிரி, "அப்ப விஷம் வச்சிருங்கண்ணே" என்றான். மதியண்ணன் இவன் தொடையில் ஓங்கித் தட்டினார், "டேய், நீ ரைட்டர்டா!" பேர் ஒரு நாள். விஷம் ஒரு நாள். இரண்டும் அவன் வாயிலிருந்து போனதுதான். இரண்டையும் எடுத்துக் கட்டி வைப்பார்கள் என்று ஒரு நிமிஷம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா? இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்?

"மதியண்ணே." வாய்க்கட்டோடு பேசினால் பல்வலிக்காரன் மாதிரி கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை, பூ நகர்ந்தால் திரும்ப அடுக்கணும் என்று ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். "என்னடா?" என்று பக்கத்தில் குரல் வந்தது, சிகரெட் வாசனையோடு. "அது எங்கம்மா பேருண்ணே." "தெரியும்டா, நீதானே சொன்ன. சும்மா தீ மாதிரி இருக்கு. மேடமே கேட்டாங்க, யார் வச்ச பேருன்னு." "விஷம் எங்க பூட்டி வைக்கலைண்ணே. ராஜா பேதியிலதான் போனாரு." "இவன் ஒருத்தன். டேய், கதைடா இது." "கதைன்னா வேற பேரு வைங்க." "எப்படிடா மாத்துறது? 'ஆவல்குறிச்சி அரண்மனையில் நடந்த உண்மைக் கதை'ன்னு புரோமோவே போயிருச்சு." "உண்மைக் கதைன்னா பேதியிலன்னு போடுங்க." மதியண்ணன் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல மாதிரியே சிரித்தார், அதுதான் இவனுக்குத் தாங்கவில்லை. "பயப்படாத. ஆரம்பத்துல ஒரு கார்டு போடுவோம், எல்லாம் கற்பனை, யாரையும் குறிப்பிடலைன்னு." "உண்மைக் கதைன்னும் போடுவீங்க, கற்பனைன்னும் போடுவீங்களா?" "ரெண்டும் போடுவோம்." "எது பெரிய எழுத்துல?" மதியண்ணன் அவன் நெற்றியில் செப்புக் காசை ஒரு விரலால் நகர்த்தி நடுவில் வைத்தார். "தம்பி, நீ ராஜா. செத்துட்ட. ராஜாவுக்குத் தன்னை யார் கொன்னாங்கன்னே தெரியாது. பேசாம கிட." அந்தப் பக்கம் யாரோ அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அம்மா, உங்க பேரைக் கூப்பிட்டா நீங்க பதில் சொல்லக் கூடாது, சரியா? அது உங்களை இல்ல." "என் பேரைச் சொல்லுதீயளே, அதான் வாய் வந்துட்டு" என்றாள் அம்மா. அது உங்களை இல்லை. இவனுக்கு எழுந்து அந்த ஆளை ஒரு அறை விடலாம் போல இருந்தது. கால்விரல் இரண்டும் ஒன்றாகக் கட்டிக் கிடந்தது.

சைலன்ஸ் என்றார்கள். சுவர்ணா மேடம் திரும்பவும் காலில் விழுந்தார். இசக்கிராஜ் செத்தான். செத்துக்கொண்டே யோசித்தான். வாசல்மாடன் கொடையில் பொங்கல் இறக்கியதும் யாரும் இலை போட மாட்டார்கள். பூசாரி தள்ளி நிற்பார். அம்மா குளித்த ஈரத்தோடு வந்து உருளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போடுவாள், மென்று விழுங்குவாள், விழுங்கியது தொண்டையில் இறங்குவதை ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு "சாப்பிடலாம்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இலை விரியும். சின்ன வயதில் ஊரிலேயே அதிகப் பசி அம்மாவுக்குத்தான், அதனால்தான் அவளுக்கு முதலில் என்று நினைத்திருந்தான். அப்புறம் கதை தெரிந்தது. ராஜா பேதியில் போன அந்த வருஷம் தெருவுக்குத் தெரு பேதியில் போனார்கள், ஆனாலும் அரண்மனையில் எவனோ ஒருத்தன் சோற்றில்தான் ஏதோ இருந்தது என்று சொன்னான். முதல் வெயிலுகந்தாளை வாசலில் உட்கார வைத்து, மிச்சமிருந்த சோற்றையெல்லாம் தின்னச் சொன்னார்கள். தின்றாள். விடிய விடிய ஊர் சுற்றி நின்றது, இப்போது விழுவாள் இப்போது விழுவாள் என்று. விடிந்ததும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, "சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாளாம். அதிலிருந்துதான் இது. இதைச் சொன்னால் மதியண்ணன் என்ன சொல்லியிருப்பார்? இதுதான்டா கதை என்று குதித்திருப்பார். ஏன் சொல்லவில்லை? கேட்கவில்லை, சொல்லவில்லை. பேரைக் கேட்டார், பேரைச் சொன்னான். அவ்வளவுதானா நீ? யார் பார்த்தார்கள்? இது எங்கிருந்து வந்தது, இந்தக் கேள்வி, பிணத்துக்குள் இப்படி ஒரு கேள்வி? அவள் விடிய விடிய உட்கார்ந்திருந்ததை யார் பார்த்தார்கள்? தின்றது அதே சோறுதானா? ஒருவேளை வைத்திருந்தால்? ஒருவேளை ராஜா அவளை ஏதாவது செய்திருந்து, அவளும் வைத்திருந்தால்? அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆனால் மதியண்ணனுக்கும் தெரியாதே. காசு எந்தக் காலத்துக் காசு என்று தெரியும், மீசை நுனி தெரியும், செத்தவனுக்குக் கால்விரலைக் கட்ட வேண்டும் என்று தெரியும். ஒரு பொம்பளை கொலை செய்தாளா இல்லையா என்பது மட்டும் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. சீரியல் வரும். மறுநாள் காலையில் மெஸ்ஸில் எவனாவது இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு, "வெயிலக்கா, சாம்பார்ல ஒண்ணும் கலக்கலியே?" என்பான். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அடுத்த வாரம் இன்னொருத்தன் கேட்பான், அவனும் விளையாட்டுக்குத்தான், ஆனால் சிரிக்காமல் கேட்பான். வெளியூர்ப் பஸ்காரர்கள் போர்டைப் படித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். கொடை வரும். அம்மா ஒரு கை அள்ளி வாயில் போடுவாள். ஊர் தொண்டையைப் பார்க்கும். இத்தனை வருஷம் அது மரியாதை. இனிமேல் அது சோதனை. பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும், அந்த அத்தை ஏன் முதல்ல திங்கிறாங்க, அவுக வீட்டு ஆளு ராஜாவைக் கொன்னாவல்ல, அதான். டிவியில் பார்த்ததாகச் சொல்லும். டிவியில் பார்த்ததை என்ன சொல்லி அழிப்பது? நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிப்பது கழுத்துக்கு வந்து, கழுத்திலிருந்து நெற்றிக்கு ஏறி, செப்புக் காசு ஆடி, வழுக்கி, காதோரமாக இறங்கி, தரையில் டிங் என்று விழுந்து உருண்டு ஓடியது. "கட்! கட்! என்னடா பிணம் இது, காசை உதறுது!" என்றார் டைரக்டர். எல்லாரும் திரும்பவும் சிரித்தார்கள். காது கொடுத்துத் தேடினான். இந்தத் தடவை அந்தத் துணிக்குள் போகிற சிரிப்பு இல்லை.

இல்லையா, கேட்கவில்லையா? கூட்டம் சளசளவென்று பேசுகிறது, அதில் கேட்காமல் போயிருக்கும். அவள் உருளிக்குள் கரண்டியை விட்டுக் கிளறினால் கேட்கும், சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது, எங்கே நின்றாலும் எதையாவது கிளறுவாள். கரண்டிச் சத்தம் இல்லை. டைரக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், சீன் தூக்கவில்லையாம், ராணி கத்துகிறாள், ஊர் சும்மா நிற்கிறது, இவ்வளவு பெரிய துரோகத்துக்கு ஊர் சும்மா நிற்குமா? "மண்ணை வாரித் தூத்துவாங்கல்ல, உங்க ஊர்ப் பக்கம் அந்தப் பழக்கம் உண்டுல்ல? ராணி சொன்ன உடனே எல்லாப் பொம்பளைங்களும் மண்ணை அள்ளி அந்தம்மா மேல தூத்துங்க. சாபம் விடற மாதிரி. நல்லா கோவமா." அழுகிற பெண்களாக உட்கார்ந்திருந்ததெல்லாம் இவன் தெருப் பெண்கள்தான், பாதிப் பேர் மெஸ்ஸில் கடன் சொல்லிக் குழம்பு வாங்குகிறவர்கள். கனிச்சித்தியின் குரல்தான் முதலில் வந்தது, அடுத்த வீடு, அவசரத்துக்குச் சோறு கேட்டுச் சுவரைத் தட்டுகிறவள். "வெயிலு மேலயா? மண்ணா? நான் மாட்டேம்பா." "அம்மா, நடிப்புதாம்மா." "நடிப்புன்னாலும் மண்ணு மண்ணுதானய்யா." "அவங்களே ஒண்ணும் சொல்லலியே, நீங்க ஏம்மா? அம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" அம்மாவைக் கேட்கிறார்கள். இசக்கிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சொல்லு, சொல்லும்மா, ஒரு வார்த்தை சொல்லு, மாட்டேன்னு சொல்லு. அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே விஷம் வச்சான்னா சொல்லுதீய, எங்க பூட்டிய?" மதியண்ணன் அவசரமாக, "இல்லம்மா, இது சும்மா கதைக்கு" என்றார். "ஓ" என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஓ. அடுப்புக்குக் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் ஓ என்பாளே, அந்த ஓ. பிறகு, "சோத்துல விழாம தூத்துங்க தாயி. அம்புட்டும் நல்ல சோறு" என்றாள். மண் கொண்டுவரப் பையனை அனுப்பினார்கள். சிமெண்ட் கலந்த மணலை அள்ளி வந்தானாம், மதியண்ணன் திட்டி அனுப்பினார், செம்மண் கொண்டு வா, அந்தக் காலத்துல சிமெண்ட் ஏது.

காசைத் தேடி எடுத்து நெற்றியில் திரும்ப வைத்தார்கள், டைரக்டரே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். சென்ட் வாசனை. "தம்பி, இதுதான் கடைசி. வெளிச்சம் போயிட்டிருக்கு. நீ மட்டும் ஒழுங்காக் கிடந்தா முடிஞ்சிடும். கூரை இடிஞ்சு விழுந்தாலும் எந்திரிக்கக் கூடாது. புரியுதா?" பிணம் தலையாட்டக் கூடாது, அதனால் ஆட்டவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். செத்துக் கிட, செத்துக் கிட என்று தனக்கே சொல்லிக்கொண்டான். நடிப்புதான். கதைதான். எழுந்தால் என்ன ஆகும், வேறொருத்தனைப் படுக்க வைத்து நாளைக்கு எடுப்பார்கள். இல்லை, வேறு பேர் வைப்பார்களோ? வைக்க மாட்டார்கள், தீ மாதிரி இருக்கிறதாம். எழுந்து என்ன சொல்வது? பேரும் நான் கொடுத்தது, விஷமும் நான் கொடுத்தது, இரண்டையும் திருப்பிக் கொடுங்கள் என்றா? எவன் கொடுப்பான்? சைலன்ஸ். காலில் சூடான சொட்டு. அழுகை. பெண்கள் மாரில் அடிக்கிற சத்தம். வளையல். "அடி பாதகி! வெயிலுகந்தாள்!" பதில் வரவில்லை. எந்த நேரத்திலும், தூக்கத்தில் கூப்பிட்டாலும் என்ன தாயி என்று வருகிற குரல், சொல்லி வைத்தபடி வரவில்லை. "அன்னமிட்ட கையாலேயே என் மன்னருக்கு நஞ்சிட்டாயே!" முதல் மண் தரையில் விழுந்தது, யாரோ பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், மேலே போட மனசு வராமல். இரண்டாவது துணியில் விழுந்தது. அப்புறம் யோசிக்க நேரம் இல்லாதபடி சரசரவென்று, கோபமே இல்லாத கைகளிலிருந்து, கோபமாக. பித்தளையில் பட்டுப் பொடி மழை மாதிரி ஒரு சத்தம். கனிச்சித்தி "நீ நாசமாப் போவ!" என்று கத்தினாள், கத்திவிட்டு நிஜமாகவே அழுதாள். அம்மாவிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. மண் விழுந்தால் இருமுவாளே.

கண்ணைத் திறந்தான். மேலே உத்திரம், விளக்கு, கேமரா அவன் பக்கம் இல்லை, அவள் பக்கம் இருந்தது. அம்மா அடுக்களை வாசலில் சொன்னபடி தலையைக் குனிந்து நின்றாள். வகிட்டில் செம்மண், புருவத்தில் செம்மண். இரண்டு கையையும் விரித்து உருளியின் வாயை மூடிக்கொண்டிருந்தாள், சோற்றில் விழாமல். விழுந்துதான் இருந்தது. அவன் உட்கார்ந்தான். காசு விழுந்தது, பூவெல்லாம் சரிந்தது, சுவர்ணா மேடம் "ஐயோ!" என்று வசனத்தில் இல்லாத ஒரு குரலில் அலறி அவன் காலை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தார். பெண்கள் மண்ணோடு கையைத் தூக்கியபடி நின்றார்கள், ஒருத்தி நிஜமாகவே மாடசாமி மாடசாமி என்றாள். கால்விரல் கட்டை இழுத்தான், முடிச்சு அவிழவில்லை, பிய்த்தான். கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுக்கியது. வாய்க்கட்டை இழுத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டு நடந்தான். நடப்பது யார் கால் என்று அவனுக்கே தெரியவில்லை, வேட்டி ராஜா வேட்டி. "எய்யா, போய்ப் படுத்துக்கோ, வைவாவ" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல், உதட்டை அசைக்காமல், அவளுக்குத் தலை குனியத்தானே சொல்லியிருக்கிறார்கள். அவள் கையைப் பிடித்து உருளியை விட்டு நகர்த்தினான். அவள் விடவில்லை, அழுத்தினாள், பிறகு விட்டாள். ஒரு கை அள்ளினான், ஆவி இன்னும் இருந்தது. வாயில் போட்டான். மண் நறநறத்தது. ஒட்டுமீசையின் ஒரு பக்கம் பெயர்ந்து சோற்றோடு வந்தது, எடுத்துக் கீழே போட்டான். மென்றான். விழுங்கினான், தொண்டையில் இறங்குவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தி விழுங்கினான். "சாப்பிடலாம்" என்றான். கனிச்சித்தி கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"அவனைப் படுக்கச் சொல்லுடா!" என்று டைரக்டர் கத்தினார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மதியண்ணன் கும்பிடுவது மாதிரி கையை வைத்துக்கொண்டு, "தம்பி, ராஜா செத்துட்டார், படு தம்பி" என்றார். அம்மாவும் அவன் முழங்கையைத் தொட்டு, "படுய்யா" என்றாள். எல்லாரும் படுக்கத்தான் சொன்னார்கள். அவன் இரண்டாவது கை அள்ளினான்.